‘அஞ்சு நிமிஷ வேலைதானே!’ - தோல் தொழிற்சாலைகளில் நேர்மை எங்கே சோதிக்கப்படுகிறது?

பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப் என்று வைத்துக்கொள்வோம். டேனரியை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மாலை 5 மணி. கழிவுநீர்த் தொட்டியில் சேறு அடைத்துக்கொண்டு பம்ப் இழுக்கவில்லை. ராத்திரிக்குள் சரிசெய்யாவிட்டால் நாளைக்கு டிரம் ஓடாது. டிரம் ஓடாவிட்டால் சரக்கு அனுப்பும் தேதி தள்ளிப்போகும். முதலாளி ஊரில் இல்லை. “இன்னுமா முடியலை?” என்று போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மேஸ்திரி தொட்டியைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியைப் பார்க்கிறார். “இறங்கி அந்த அடைப்பை மட்டும் எடுத்து விட்டுடுப்பா. அஞ்சு நிமிஷ வேலைதானே!”

முதலாளி யாரையும் இறங்கச் சொல்லவில்லை. மேஸ்திரிக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இறங்குபவரும் முன்பே நாலைந்து முறை இறங்கி ஏறியவராக இருப்பார். ஆனால், கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் பலி என்ற செய்தி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வருவது இப்படித்தான்.

பணியிட நேர்மை என்றதும் லஞ்சம், பொய்க் கணக்கு, கமிஷன் ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். ‘அறம் சார்ந்த தலைமை’ என்றால் ஐ.டி. கம்பெனியின் கூட்ட அறையில் ஓடும் பவர்பாயின்ட் ஞாபகம் வரும். தோல் தொழிலில் இந்த இரண்டு சொற்களும் வேறு இடத்தில் சோதிக்கப்படுகின்றன. தொட்டியின் மூடியைத் திறக்கும்போது, வால்வைத் திருகும்போது, வீட்டில் ஷூ தைக்கும் பெண்ணுக்குக் கூலி எழுதும்போது. அந்த நேரத்தில் அங்கே ஆய்வாளரும் இருக்க மாட்டார், வெளிநாட்டு வாடிக்கையாளரும் இருக்க மாட்டார்.

சட்டம் கேட்பது ஒரு கையெழுத்து

மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்குவது பற்றி 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவு தெளிவாகவே பேசியது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதற்குள்ளும் யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது. இறங்க அனுமதிக்கவும் கூடாது. முதலில் வாயுவை வெளியேற்ற வேண்டும். பிறகு, தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, ‘உள்ளே ஆபத்தில்லை’ என்று எழுத்துமூலம் சான்று தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட் கட்டி, அதிலிருந்து வரும் கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

‘அனுமதிக்கவும் கூடாது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். “நான் சொல்லலை, அவனாதான் இறங்கினான்” என்ற வழக்கமான பதிலுக்கு அந்த ஒரு சொல்லில் இடமில்லாமல் போய்விடுகிறது.

இவ்வளவு கெடுபிடி ஏன்? தோலில் உள்ள முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் அமிலம் வரும். சல்பைடு கலந்த தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். நாள்பட்ட சேற்றில் கிருமிகளாலும் இதே வாயு உண்டாகும். இது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. “வாடை போயிடுச்சு, இறங்கலாம்” என்று தோன்றும் நேரம்தான் மிக மோசமான நேரம். அளவு மிக அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார்.

விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர். மூடிய இடங்களில் நடக்கும் மரணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-ல் எச்சரித்தது.

ஆக, கேள்வி வாயுவைப் பற்றியது மட்டுமல்ல. அந்தச் சான்றில் கையெழுத்து போடுவது யார்? பல இடங்களில் அப்படி ஒரு தாளே இருக்காது. முதலாளி மேனேஜரைக் கைகாட்டுவார், மேனேஜர் மேஸ்திரியை, மேஸ்திரி கான்ட்ராக்டரை. கடைசியில் இறங்கியவர் எந்தக் கம்பெனியின் ஆள் என்பதே வழக்கில் தனிக் கேள்வியாகிவிடும். பொறுப்பு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, உதறித் தள்ள முடியாத ஒருவரிடம் போய் நிற்கிறது. அவர்தான் தொட்டிக்குள்ளும் இறங்குகிறார்.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமுக்கு

பேரணாம்பட்டு ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பாலாற்றில் சேரும் மலட்டாறு இங்கே ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட, மழைக்காலத்தில் எப்போதாவது வருகிறது என்பதே சரி. 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிவிட்டது. மாவட்டம் பிரிந்தாலும் தோலும், கூலியும், கழிவுநீரும் இன்னும் ஒரே வலைதான்.

முன்பு இங்கே ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவதுதான் பிரதானம். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக முடித்த தோலாக, ஷூவாக அனுப்பினால் நாட்டுக்குக் கூடுதல் அந்நியச் செலாவணி கிடைக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. கூடவே குரோம் பதனிடுதல் வேகமாகப் பரவியது. கழிவில் உப்பும் ரசாயனமும் கூடின. பட்டைப் பதனிடுதலிலும் உப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அளவும் வேகமும் வேறு.

தெரிந்தே பத்து வருடம்

வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் என்ற அமைப்பு 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ‘மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும்’, ‘ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும்’ என்ற இரு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று அது அறிவித்தது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. ஊர்ப் பெயர் அப்படிப் புகழ்பெற்றதில் வேலூர்க்காரர்கள் பெருமைப்படுவதா வேண்டாமா என்பது வேறு விஷயம்.

தீர்ப்பில் பதிவான எண்கள் பலருக்கும் தெரிந்தவை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட லாயக்கில்லாமல் போய்விட்டது என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்ன கணக்கு.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுமார் 10 ஆண்டுகளாகத் தோல் ஆலைகளிடம் சொல்லிப் பார்த்தது. தனியாகச் சுத்திகரிப்பு வசதி அமையுங்கள், முடியாவிட்டால் பல ஆலைகள் சேர்ந்து பொது நிலையம் கட்டுங்கள் என்று இரண்டு வழியும் கொடுத்தது. பொது நிலையத்துக்குக் கணிசமான மானியம் தர மத்திய அரசும் ஒப்புக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான ஆலைகள் எதுவும் செய்யவில்லை என்று நீதிமன்றம் வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது.

இதைத் தொழில்நுட்பம் இல்லாத குறை என்று சொல்ல முடியாது. பணம் மட்டுமே தடை என்றும் சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது என்று தெரியும், வழி என்ன என்று தெரியும், உதவியும் இருந்தது. பக்கத்து ஷாப்காரர் கட்டட்டும், அப்புறம் நாம் கட்டலாம் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற ஒரே முடிவை நூற்றுக்கணக்கான நிர்வாகங்கள் ஆண்டுக்கணக்கில் எடுத்தன.

தீர்ப்பு ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி செய்யச் சொன்னது. இழப்பைக் கணக்கிட ஓய்வுபெற்ற நீதிபதி பி.பாஸ்கரன் தலைமையில் ஒரு ஆணையம் வந்தது. 2001-ல் அந்த ஆணையம், பிரிக்கப்படாத வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டதாகக் கண்டது. 547 ஆலைகளிடமிருந்து 26.82 கோடி ரூபாய் வசூலித்து அவர்களுக்குத் தர வேண்டும் என்றது. வகுத்துப் பாருங்கள். ஆலைக்குச் சராசரியாக 5 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. விவசாயிக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. 1991 முதல் 1998 வரை போன விளைச்சலுக்கு இது ஈடு.

அதுவும் எல்லோருக்கும் முழுதாய்ப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30-ல் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு இழப்பீடு தர வேண்டும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும், பாலாற்றைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. வழக்கு தொடங்கியபோது 40 வயதில் இருந்த விவசாயிக்கு அப்போது 74 வயது.

பத்து பேர் தூங்கிய அறை

அந்த 2025 தீர்ப்புக்கு மறுநாள் இன்னொரு சம்பவத்தின் பத்தாம் ஆண்டு நினைவுநாள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் உள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்துத் தோல் ஆலையில் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த அறைக்குள் புகுந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது மாசைத் தடுக்கக் கட்டிய நிலையம். 1996 தீர்ப்பு கேட்ட மாதிரியான ஏற்பாடு. காகிதத்தில் எல்லாம் இருந்தது. சேற்றைக் கொண்டுபோய்ப் போட இடமில்லாமல் தொட்டியில் தேக்கிக்கொண்டே போனால் சுவர் எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டிய ஆள் கேட்டாரா, கேட்டிருந்தால் யார் காதில் விழுந்தது என்பதுதான் காகிதத்தில் இல்லாதது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அடிப்படையில் ஒரு கூட்டுச் சீட்டு மாதிரி. பேரணாம்பட்டிலும் அப்படி ஒன்று உண்டு. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கு ஒதுக்கிய அளவு தண்ணீரைத்தான் அனுப்ப வேண்டும். குரோம் கலந்த தண்ணீரைத் தனியாகப் பிரித்து, குரோமை மீட்டெடுத்த பிறகே விட வேண்டும். தோலை முதலில் ஊறவைத்த உப்புத் தண்ணீரை வெயிலில் காயவைக்கும் பாத்திகளுக்கு அனுப்ப வேண்டும். ஒருவர் ராத்திரியில் எல்லாவற்றையும் கலந்து ஒரே குழாயில் விட்டால், சுத்திகரிக்கும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்பட்டு மொத்த நிலையமும் தடுமாறும். ஒழுங்காகப் பணம் கட்டிப் பிரித்து அனுப்பிய மற்றவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் நோட்டீஸ் வரும். ஒழுங்காக நடத்தும் முதலாளிகள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். “நாங்க கரன்ட் பில் கட்டியே தேய்ஞ்சு போறோம், அவன் மழைத் தண்ணியில விட்டுட்டு நம்மளவிடக் கம்மி ரேட்டுக்குக் கொடுக்கிறான்” என்ற அவர்கள் பக்கத்துப் புலம்பலும் நியாயமானதே.

அதே 1996-ல் அமெரிக்காவில்

வேலூர் தீர்ப்பு வந்த அதே வருடம் அலுமினிய நிறுவனமான அல்கோவாவில் நடந்தது இங்கே ஒப்பிடத் தக்கது. அதன் தலைவர் பால் ஓநீல், 1987-ல் பதவிக்கு வந்ததும் லாபத்தைவிடத் தொழிலாளர் பாதுகாப்பே முதல் இலக்கு என்று அறிவித்தவர். முதலீட்டாளர்கள் சிலர் இவருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தார்களாம்.

1996 பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து, மெக்சிகோவின் அகுன்யா நகரில் உள்ள அல்கோவா ஆலையில் வாயு தாக்கித் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதாகச் சொன்னார். ஓநீல் முதலில் மறுத்தார். பிறகு விசாரித்தபோது, அவர் சொன்னது உண்மை. பிரச்சினையை அங்கேயே சரிசெய்துவிட்டார்கள், ஆனால் தலைமைக்குத் தெரிவிக்கவில்லை. அந்தப் பிரிவை நடத்திய மூத்த நிர்வாகியை ஓநீல் வேலையை விட்டு அனுப்பினார். லாபம் கொட்டிக் கொடுத்த பிரிவு அது. வாயு கசிந்ததற்காக அவர் போகவில்லை, கசிந்ததைச் சொல்லாததற்காகப் போனார்.

நம் தோல் ஷாப்பில் இது தலைகீழ். ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் போன் பண்ணாதே’ என்பதுதான் மேஸ்திரி முதலில் கற்றுக்கொள்ளும் பாடம். தொட்டியில் இறங்கி ஒருவர் மயங்கி, பிழைத்து எழுந்தால் அது கதையாக மாறும், பதிவாக மாறாது. அந்தப் பிழைத்த சம்பவம் எழுதப்பட்டிருந்தால் அடுத்த முறை மூடியைத் திறப்பதற்கு முன் யாராவது யோசித்திருப்பார்கள்.

தணிக்கை நாள், மற்ற நாட்கள்

வெளிநாட்டு ஷூ பிராண்டுகள் ஆட்களை அனுப்பித் தணிக்கை செய்கின்றனவே என்று கேட்கலாம். செய்கின்றன. தோல் ஆலைகளுக்கு லெதர் ஒர்க்கிங் குரூப் தரும் தங்கம், வெள்ளி என்ற தரமதிப்பீடு இருக்கிறது. அதனால் தண்ணீர், ரசாயனக் கணக்குகள் சீரானதும் உண்மை. ஆனால், 2012-ல் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்த சில வாரங்களில் அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் மறக்க முடியாது. தணிக்கைக்காரர் வரும் தேதி தெரிந்தால் அன்றைக்குக் கையுறை வரும், முகமூடி வரும், முதலுதவிப் பெட்டியில் புது மருந்து வரும்.

இன்னொரு பக்கம், தணிக்கை எட்டாத வீடுகள். ஆம்பூரைச் சுற்றிய ஊர்களில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை ஏஜென்ட் மூலம் பெண்களின் வீட்டுக்குப் போகிறது. ஒரு ஜோடிக்குச் சில ரூபாய்தான் கூலி. ஊசி, விரல் வலி, கண் வலி, வீட்டு விளக்கு எல்லாம் அவர்கள் செலவு. கம்பெனி பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. சிவிடெப், ஹோம்ஒர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட் ஆகிய அமைப்புகள் 2016-ல் வெளியிட்ட அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-வது உடன்படிக்கை 1996-லேயே வந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை.

சொன்னால் யார் காப்பாற்றுவது?

தவறைப் பார்த்த தொழிலாளி வாயைத் திறக்கச் சட்டம் உதவுமா? 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 177-வது பிரிவு, புகார் சொல்பவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறது. ஆனால், பங்குச்சந்தையில் உள்ளவை, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, 50 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடன் வைத்திருப்பவை ஆகிய நிறுவனங்களுக்கே அது கட்டாயம். இங்கே உள்ள தோல் ஷாப்களில் பல, அண்ணன் தம்பி பங்குதாரர்களாக நடத்தும் குடும்பத் தொழில். 2014-ல் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றியது. அதுவும் நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது.

ஆகவே, பேரணாம்பட்டு மாதிரி ஊரில் இது முதலாளியின் முடிவாகவே நின்றுவிடுகிறது. பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. வாயுவை அளக்கும் கருவி, காற்றடிக்கும் புளோயர், கயிறு, பெல்ட். தொட்டி மூடிக்குப் பூட்டு, அதன் சாவி ஒரே ஒருவரிடம். இறங்குமுன் தேதி, நேரம், வாயு அளவு எழுதிக் கையெழுத்து போடும் ஒரு தாள். ‘இறங்க மாட்டேன்’ என்று சொன்னவருக்கு அன்றைய கூலி போகாது என்று எல்லோர் முன்னிலும் முதலாளியே சொல்லிவைப்பது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். கருவியைக் கடையில் வாங்கிவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை வரும் மாதங்களில் பாலாற்றில் ஆம்பூர் அருகே நுரை மிதப்பதாக வருடந்தோறும் படங்கள் வருகின்றன. மழைத் தண்ணீரோடு சேர்த்துக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்று விவசாயிகள் புகார் சொல்வார்கள், அதிகாரிகள் மாதிரி எடுத்துப்போவார்கள். மழை கொட்டும் அந்த ராத்திரியில் தொட்டி நிரம்பி வழியப் போகிறது என்று முதலில் பார்ப்பவர் ஒரு வாட்ச்மேனோ மேஸ்திரியோதான். கையில் செல்போன் இருக்கிறது. எதிரே வால்வு இருக்கிறது. போன முறை அந்த நேரத்தில் போன் செய்தபோது மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.